என்8என்: பூட்டு பலமானது, டோக்கன் நழுவுவது 'பின்' (pin) போட்ட டேட்டாவில்

தம்பு செட்டித் தெருவில் கிளியரிங் ஆபீஸ் வைத்திருக்கும் நண்பர் கேட்டது இது: "ஷிப்பிங் லைன் மெயிலைப் படிச்சு, ஷீட்ல ஏத்தி, டிரைவருங்க டெலிகிராம் குரூப்ல போடணும். என்8என் சரியா வருமா? பாஸ்வேர்டெல்லாம் அதுல பத்திரமா இருக்குமா?" என்8என் (n8n) என்பது இப்படிப் பல ஆப்களைக் கோத்துத் தானாக வேலை செய்ய வைக்கும் மென்பொருள். அதில் ஒவ்வொரு படியும் ஒரு 'நோடு', நோடுகளின் சங்கிலி 'ஒர்க்ஃப்ளோ'. முதல் கேள்விக்கு 'வரும்' என்ற ஒரு சொல் போதும். இரண்டாவதுக்குத்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

பாஸ்வேர்டு, டோக்கன்களைச் சேமிக்கும் கிரெடென்ஷியல் பகுதியைக் குறை சொல்ல மனம் வராது. அங்கே கொடுத்த பாஸ்வேர்டு டேட்டாபேஸில் கீ இல்லாமல் படிக்க முடியாதபடி என்கிரிப்ட் ஆகித்தான் இருக்கும். சேமித்தவரே திரும்பத் திறந்தாலும் எழுத்து தெரியாது. ஒர்க்ஃப்ளோவை ஜேசான் (JSON) என்ற எழுத்து ஃபைலாக டவுன்லோட் செய்தால் கிரெடென்ஷியலின் பெயரும் ஐடியும் மட்டுமே அதில் போகும். அதனால் பெயரில் பார்ட்டியின் பெயரை வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் வருவது பின் போட்ட டேட்டாவைப் பார்த்தால். ஒர்க்ஃப்ளோ கட்டும்போது ஒவ்வொரு தடவையும் ஷிப்பிங் லைன் போர்ட்டலைக் கூப்பிடாமல் இருக்க, நோடின் வெளியீட்டை அப்படியே நிறுத்திப் பின் போட்டு வைப்பார்கள். வேலைக்கு அருமையான வசதி. ஆனால் அது ஒர்க்ஃப்ளோவுடனேயே சேமிக்கப்படுகிறது, டவுன்லோட் செய்த ஃபைலிலும் கூடவே வருகிறது. பின் போட்டது ஒரு லாகின் நோடு என்றால், போர்ட்டல் திருப்பித் தந்த டோக்கன் (பாஸ்வேர்டுக்குப் பதிலாகச் செல்லும் அனுமதிச் சீட்டு) பச்சையாக அந்த ஃபைலில் இருக்கும். கிரெடென்ஷியலைப் பூட்டி என்ன பயன்? நம் பக்கத்து ஆபீஸ்களில் "அண்ணே, அந்த ஃபைலை அனுப்புங்க" என்றால் உடனே வாட்ஸ்அப்பில் போய்விடும். பிறகு அழித்தாலும், டவுன்லோட் ஆன போனில் காப்பி இருக்க வாய்ப்பு உண்டு.

சந்தேகம் இருந்தால் சோதித்துப் பாருங்கள். ஃபீல்டுகளுக்கு மதிப்பு வைக்கும் 'செட்' (Set) நோடு ஒன்றில் டோக்கன் என்ற ஃபீல்டுக்கு 'ராயபுரம்123' என்று பொய் மதிப்பு கொடுத்து ஓட்டி, வெளியீட்டைப் பின் போடுங்கள். ஃபைலை இறக்கி நோட்பேடில் தேடினால் அது இரண்டு இடத்தில் அகப்படும்: நோடின் பாராமீட்டரில் ஒன்று, பின் டேட்டா பகுதியில் இன்னொன்று. முதல் இடமும் முக்கியம். பிரவுசர் அனுப்பிய அழைப்பை 'கர்ல்' (curl) கட்டளையாக அப்படியே எடுத்து, வெப்சைட்டைக் கூப்பிடும் ஹெச்டிடிபி ரிக்வெஸ்ட் நோடில் ஒட்டுகிறவர்களுக்கு குக்கி, பேரர் டோக்கன் போன்ற லாகின் அடையாளங்கள் எல்லாம் ஹெட்டர் கட்டத்தில் வெறும் எழுத்தாக உட்கார்ந்துவிடும். டெலிகிராமை அதே நோடில் கூப்பிட்டால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் செய்தி போடும் பாட்டின் (bot) டோக்கன் யூஆர்எல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதற்கென்றே டெலிகிராம் நோடு இருக்கிறது, அதையே போடுங்கள்.

அடுத்தது ஓட்டங்களின் பதிவான எக்ஸிக்யூஷன் பட்டியல். ஓடிய ஒவ்வொரு நோடின் வெளியீடும் அதில் பதிவாகிறது. மாற்றாமல் விட்டால் 336 மணி நேரம், அதாவது 14 நாள் வைத்திருக்கும். ஒரே லாகினை நாலு பேர் பயன்படுத்தும் ஆபீஸில் நாலு பேரும் அதைத் திறந்து பார்க்கலாம். போர்ட்டல் ஓஆத் (OAuth, பாஸ்வேர்டைக் கையில் கொடுக்காமல் அனுமதி வாங்கும் முறை) தருகிறது என்றால் ஓஆத் கிரெடென்ஷியலையே வைத்துக்கொள்ளுங்கள், டோக்கன் வெளியீட்டுக்கே வராது. யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து டோக்கன் வாங்கும் பழைய ரகம் என்றால், லாகினையும் அடுத்து வரும் அழைப்பையும் சேர்த்து வேறொரு ஒர்க்ஃப்ளோ கூப்பிடும் ஒரே சப்-ஒர்க்ஃப்ளோவில் அடக்குங்கள். அதன் செட்டிங்ஸில் வெற்றி, தோல்வி, மேனுவல் மூன்று ஓட்டத்தையும் சேமிக்காதபடி வையுங்கள். கடைசி நோடு கன்டெய்னர் எண், வரும் தேதி போன்ற வேண்டிய ஃபீல்டுகளை மட்டும் திருப்பித் தரட்டும். லாகினை மட்டும் தனியே பிரித்து டோக்கனைத் திருப்பி அனுப்பினால், அது கூப்பிட்ட தாய் ஒர்க்ஃப்ளோவின் பதிவில் வந்து விழும். பலர் சறுக்குவது இங்கேதான்.

கிரெடென்ஷியலைப் பூட்டித் திறக்கும் என்கிரிப்ஷன் கீயை நீங்களே கொடுக்காவிட்டால், முதல் தடவை ஓடும்போது என்8என் தானாக ஒன்றை உண்டாக்கித் தன் கான்ஃபிக் ஃபைலில் எழுதிக்கொள்ளும். மென்பொருளைத் தனிப் பெட்டியில் ஓட்டும் டாக்கரில் (Docker), வால்யூம் என்ற நிலையான சேமிப்பிடம் இணைக்காமல் ஓட்டி அந்தப் பெட்டியை அழித்தால் கீயும் போச்சு. டேட்டாபேஸ் பேக்கப் கையில் இருந்தாலும் ஒரு கிரெடென்ஷியலும் திறக்காது. அதற்குப் பயந்து கீயையும் பேக்கப்பையும் ஒரே டிரைவ் ஃபோல்டரில் வைப்பது பூட்டிலேயே சாவியைத் தொங்கவிடுவதுதான். கீயைத் தாளில் எழுதி மாடி பீரோவில் வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் தரைத்தளங்களுக்குள் தண்ணீர் புகுந்தது மறந்திருக்காது. கிரெடென்ஷியலை 'டிக்ரிப்டட்' என்று கேட்டு எக்ஸ்போர்ட் செய்யும் கட்டளையும் உண்டு. எல்லாம் வெறும் எழுத்தாகக் கொட்டும். சர்வர் மாற்றும் அன்று மட்டும் தொடுங்கள், முடிந்ததும் ஃபைலை அழியுங்கள்.

டோக்கன் வெளியே போய்விட்டால் ஃபைலை அழிக்க ஓடாதீர்கள். முதலில் டோக்கனைக் கொல்லுங்கள். டெலிகிராமுக்கு, பாட்களை நிர்வகிக்கும் பாட்ஃபாதரில் 'ரிவோக்' கொடுத்தால் பழைய டோக்கன் செல்லாது. பழைய பதிப்புகளையும் காத்து வைக்கும் 'கிட்' (Git) களஞ்சியத்தில் ஏற்றிய ஃபைலை நீக்கினாலும், பழைய கமிட்டில் (முந்தைய பதிப்பில்) அது இருக்கும்.

கிரெடென்ஷியல் பெட்டகத்துக்கு மட்டும் மார்க் கேட்டால் ஐந்துக்கு ஐந்து. மொத்தமாக இரண்டரைதான் போடுவேன். இத்தனை அக்கறையோடு ரகசியத்தைப் பூட்டத் தெரிந்த மென்பொருள், ஃபைலை இறக்கும்போது "பின் டேட்டாவும் சேர்ந்து போகிறது, பரவாயில்லையா?" என்று ஒரு வரி கேட்பதில்லை. நண்பரே, தாராளமாக வையுங்கள். எடிட்டர் லாகின் மட்டும் ஒருவர் கையில் இருக்கட்டும், பின் போட்டதை எல்லாம் கழற்றாமல் எந்த ஃபைலும் வாட்ஸ்அப் ஏற வேண்டாம்.