கிருஷ்ணகிரி – ஓசூர்: தினமும் நூறு கிலோமீட்டர், ஒரு பெட்ரோல் பலேனோ

கிருஷ்ணகிரியில் குடியிருந்துகொண்டு ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். கம்பெனி பஸ் வீட்டுப் பக்கம் வருகிறவர்களுக்குக் கவலையில்லை. ஷிஃப்ட் நேரம் ஒத்துவராதவர்கள் ஒரு கட்டத்தில் கார் வாங்கலாமா என்று யோசிக்கத் தொடங்குவார்கள். அப்போது அவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "வண்டி எவ்வளவு மைலேஜ் தருது?"

2022-ல் மாருதி சுசுகி பலேனோ வாங்கினேன். ஜீட்டா வேரியன்ட், பெட்ரோல், மேனுவல் கியர். அன்றிலிருந்து இதே சாலையில் போய் வருகிறேன். ஓடோமீட்டர் ஒரு லட்சத்தை நெருங்குகிறது. இத்தனை ஓட்டத்துக்குப் பிறகு எனக்குத் தெளிவாகத் தெரிவது: மைலேஜில் பாதியைத் தீர்மானிப்பது நாம் போகிற சாலை. அந்தச் சாலையைப் படிக்காமல் காரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

எங்கள் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய நெடுஞ்சாலை 44, ஆறு வழி, போக ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓசூர் சுமார் 900 மீட்டர். குருபரப்பள்ளி, மேலுமலை, சாமல்பள்ளம், சூளகிரி என்று கடந்து போகும்போது அகலமான சாலையில் ஏறுவதே தெரியாது. எஞ்சினுக்குத் தெரியும். ஆட்களோடு சேர்த்து ஆயிரம் கிலோவைத் தாண்டும் ஒரு வண்டியைக் காலையில் நானூறு மீட்டர் தூக்கிக்கொண்டு போகிறோம். அந்தத் தூக்கலுக்கு மட்டும் ஏறக்குறைய அரை லிட்டர் பெட்ரோல் கூடுதலாகப் போகும். மொத்த வழிக்கே இரண்டரை லிட்டர்தான் செலவு என்னும்போது அரை லிட்டர் சின்ன விஷயமில்லை.

அதனால்தான் என் வண்டியின் திரையில் காலையில் லிட்டருக்கு 17, 18 கிலோமீட்டர் என்று காட்டும் எண், மாலையில் திரும்பும்போது 23, 24 என்று ஏறுகிறது. வண்டி ஒன்றுதான், ஓட்டுகிறவனும் ஒருவன்தான். மாலை எண்ணை மட்டும் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்புகிறவர்கள் உண்டு. அதை நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான். திரை காட்டும் எண்ணை விட்டுவிட்டு, டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி அதே பங்கில் நிரப்பிக் கணக்குப் போட்டால் எனக்கு லிட்டருக்கு இருபதை ஒட்டி வருகிறது. ஏசி எப்போதும் ஓடும். கம்பெனியின் சான்றளித்த அளவு 22.35. அது சோதனைக் கூடத்தில் எடுத்த எண். இவ்வளவு ஏற்றமும் லாரியும் உள்ள சாலையில் இருபது கிடைப்பதை நான் நல்ல மைலேஜ் என்றே சொல்வேன்.

இறக்கத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மாலையில் இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். இப்போதைய இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் கியரில் வைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் பாய்வதே நின்றுவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்கும். போதாக்குறைக்கு எஞ்சின் பிடிமானம் போய் முழு பாரமும் பிரேக்கின் மேல் விழும். தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் நடக்கிற லாரி விபத்துகளுக்குச் சொல்லப்படும் முக்கியமான காரணங்களில் ஒன்று இந்த நியூட்ரல் பழக்கம்தான். உயிரோடு விளையாடுகிற விஷயம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள்.

வேகமும் அப்படித்தான். 80-லிருந்து 110-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு கிட்டத்தட்ட இரு மடங்காகிறது. எனக்கு 80, 90-க்குள் ஓட்டினால் இருபதைத் தாண்டுகிற வண்டி, தாமதமாகிவிட்டது என்று 110-ல் போன நாட்களில் பதினாறு, பதினேழுக்கு இறங்கியிருக்கிறது. ஐம்பது கிலோமீட்டருக்குக் கிடைக்கிற நேர லாபம் கணக்கில் பத்து நிமிடம்; சூளகிரிப் பக்கம் லாரிகள் மூன்று லேனையும் பிடித்துக்கொண்டு போகும்போது அதுவும் கையில் நிற்காது. பத்து நிமிடம் முன்னால் கிளம்பிவிடலாம்.

சரி, ஏன் பெட்ரோல்? தினமும் நூறு கிலோமீட்டர் என்றாலே டீசல்தான் என்று எல்லாரும் சொன்ன காலம் ஒன்று இருந்தது. மாருதி 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் டீசலையே நிறுத்திவிட்டது. நான் வாங்கிய வருடம் மற்ற கம்பெனிகளில் சின்ன டீசல் கார்கள் இருந்தன. கணக்குப் போட்டேன். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய்க்குச் சற்று மேல், இருபது கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய். டீசல் தொண்ணூற்றுச் சொச்சம், இருபத்துமூன்று கிலோமீட்டர் என்றால் நான்கு ரூபாய். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் மிச்சம். காரின் விலை வித்தியாசம் ஒரு லட்சத்துக்கு மேல். ஆக, லட்சம் கிலோமீட்டர் ஓட்டினால்தான் போட்ட கூடுதல் பணமே திரும்பும். அதற்குள் டீசல் வண்டியின் சர்வீஸ் செலவு, புகை வடிகட்டி, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் என்று வேறு கணக்குகள் சேரும். எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் ஒருவர் சொன்னது: "தினமும் ஹைவேல ஓட்டுறதால டீசல் புகை ஃபில்டர் அடைக்காது தம்பி, அது உனக்குச் சாதகம். ஆனா அஞ்சு வருஷம் கழிச்சு ஒரு இன்ஜெக்டர் போச்சுன்னா, மிச்சம் பிடிச்சதெல்லாம் ஒரே நாள்ல போயிடும்." வருடத்துக்கு ஐம்பதாயிரம் ஓட்டுகிறவராக இருந்தால் நானும் டீசல்தான் எடுத்திருப்பேன். எனக்கு வருவது இருபத்தைந்தாயிரம்.

சிஎன்ஜி என்கிற இயற்கை எரிவாயு இதைவிட மலிவு, சந்தேகமே இல்லை. ஆனால் இந்த ஏற்றத்தில் நான்கு பேரோடு போகிறவன் என்பதால் யோசித்தேன். பலேனோவிலேயே பின்னால் சிஎன்ஜி வந்தது. அதில் பெட்ரோலில் 90 குதிரைத்திறன் தரும் அதே எஞ்சின் கேஸில் ஏறக்குறைய 77 தான் தரும். தனியாகப் போகிறவர்களுக்கு அது ஒரு குறையே இல்லை. நான்கு பேர், ஏசி, முன்னால் கிரானைட் ஏற்றிய லாரி, அதை மேலுமலை ஏற்றத்தில் தாண்ட வேண்டும் என்கிறபோது அந்த வித்தியாசம் காலில் தெரியும். டிக்கியில் சிலிண்டர் உட்கார்ந்துவிடும், மாம்பழ சீசனில் ஓசூர் நண்பர்களுக்கு நாலு பெட்டி கொண்டுபோக இடம் இருக்காது. சிலிண்டரை மூன்று வருடத்துக்கு ஒரு முறை சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி வண்டியைப் பற்றி. நாலு சிலிண்டர் எஞ்சின், சத்தம் குறைவு. ஐந்தாவது கியரில் எண்பதில் போகும்போது உள்ளே சாதாரணமாகப் பேசிக்கொண்டு போகலாம். ஏற்றத்தில் மட்டும் சோம்பலாகக் கியரை மாற்றாமல் உட்கார்ந்திருக்க முடியாது. நான்காவதுக்கு இறக்க வேண்டும். இறக்கினால் நன்றாகவே இழுக்கிறது. ஸ்டியரிங்கை மேலும் கீழும் மட்டுமல்லாமல் முன்னும் பின்னும் நகர்த்தலாம் என்பது ஷோரூமில் பெரிதாகத் தெரியவில்லை. தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்காரும்போது முதுகுக்கும் தோளுக்கும் அதுதான் பெரிய உதவி. நீண்ட தூரம் போகிறவர்கள் தொடுதிரை அளவைப் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

எடை ஆயிரம் கிலோவுக்குள்தான். மைலேஜுக்கு அது வரம். பெரிய கன்டெய்னர் லாரியைத் தாண்டும்போது பக்கக் காற்று அடித்தால் வண்டி லேசாக உணரும். எண்பது, தொண்ணூறில் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தால் போதும்.

நம்பகம் என்ற விஷயத்தில் நான் மிகவும் திருப்தியாக இருக்கிறேன். இதுவரை வழியில் நின்றதில்லை. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ் என்பதால் என் ஓட்டத்துக்கு வருடத்துக்கு இரண்டு, மூன்று முறை போகும். ஐம்பதாயிரத்தை ஒட்டி நான்கு டயர்களையும் முன் பிரேக் பேடுகளையும் மாற்றினேன். பேட்டரி ஒரு முறை. கிளட்ச் இன்னும் வண்டியோடு வந்ததேதான். ஆறாயிரம், ஏழாயிரம் கிலோமீட்டரிலேயே ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டிவிடுகிறேன், சாலையோரம் வேலை நடக்கிற இடங்களில் புழுதி அதிகம். டயர் காற்றை வாரம் ஒரு முறை காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது பார்ப்பேன். டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் உள்ள அளவுதான், அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. சர்வீஸ் முகப்பில் எஞ்சின் கிளீனிங், உள்பூச்சு, அது இது என்று ஒரு பட்டியல் நீட்டுவார்கள். எந்த கம்பெனி வண்டியாக இருந்தாலும் இது உண்டு. கையேட்டில் அந்தக் கிலோமீட்டருக்கு எழுதியிருப்பதை மட்டும் செய்யச் சொல்லுங்கள்.

தூரம் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று வாரண்டி. நான் வாங்கியபோது இரண்டு வருடம் அல்லது நாற்பதாயிரம் கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. நம்மைப் போன்றவர்களுக்குக் கிலோமீட்டர்தான் முந்தும். ஒன்றரை வருடத்திலேயே முடிந்துவிடும். நீட்டிப்பு வாரண்டியை முதல் நாளே எடுத்தேன். இப்போது புதிதாக வாங்குகிறவர்களுக்கு மாருதியே மூன்று வருடம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர் தருகிறது. மற்ற கார்களைப் பார்க்கும்போதும் வருடத்தை விட்டுவிட்டுக் கிலோமீட்டர் வரம்பைக் கேளுங்கள்.

ஜீட்டா எடுத்ததற்கு ஒரே காரணம் பாதுகாப்பு. 2022-ல் கீழ் வேரியன்ட்களில் இரண்டு ஏர்பேக்தான். ஆறு வேண்டுமென்றால் ஜீட்டாவுக்குப் போயாக வேண்டும். 2025-ல் எல்லா வேரியன்ட்டிலும் ஆறு கொடுத்துவிட்டார்கள். பாரத் என்கேப் என்கிற மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு நான்கு நட்சத்திரமும் குழந்தைகள் பாதுகாப்புக்கு மூன்றும் வாங்கியிருக்கிறது. வண்டியில் ஆறு ஏர்பேக் இருந்தாலும் பின்னால் உட்காருகிறவர்கள் பெல்ட் போடவில்லை என்றால் அர்த்தமில்லை. என் வண்டியில் பெல்ட் போட்ட பிறகுதான் கியர் விழும். மார்கழி, தை மாதங்களில் சூளகிரிக்கு மேலே பனிமூட்டம் சாலையை மூடிவிடும். முன்னால் நிற்கிற லாரியே கடைசி நொடியில்தான் தெரியும். பேரண்டப்பள்ளி, சானமாவு காட்டுப் பக்கம் யானைகள் சாலையைக் கடக்கிற இடங்கள் வேறு. இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் அங்கே நாற்பதுக்கு மேல் போகாதீர்கள். ஒரு முறை ஜல்லி லாரியிலிருந்து தெறித்த கல் முன் கண்ணாடியில் விரிசல் விட்டது. சொந்த வண்டிச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்த காப்பீடு இருந்ததால் கையிலிருந்து பெரிதாகப் போகவில்லை. இந்தச் சாலையில் ஓட்டுகிறவர்கள் அதை ஒவ்வொரு வருடமும் புதுப்பிப்பது நல்லது.

சுங்கக் கட்டணம் தினமும் நெஞ்சை அரிக்கிற செலவாக இருந்தது. 2025 ஆகஸ்ட் 15 முதல் ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் வந்திருக்கிறது: வந்தபோது 3000 ரூபாய், இருநூறு முறை கடக்கலாம் அல்லது ஒரு வருடம். அந்த விலையில் ஒரு முறைக்குப் பதினைந்து ரூபாய். தினமும் போய் வருகிறவர்களுக்கு இருநூறு முறை நாலைந்து மாதத்தில் தீர்ந்துவிடும், மறுபடி வாங்க வேண்டும். ஆனாலும் மிச்சம்தான்.

இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் எல்லா பங்குகளிலும் வந்த பிறகு என் கணக்குப் புத்தகத்தில் லிட்டருக்கு அரை, முக்கால் கிலோமீட்டர் குறைந்திருக்கிறது. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு என்பதால் இது எதிர்பார்த்ததுதான். பழைய வண்டி தேடுகிறவர்கள் 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரானதைப் பாருங்கள். அதிலிருந்துதான் இந்தக் கலவையைத் தாங்கும் பாகங்கள் கட்டாயமாயின.

இன்று வாங்குவதாக இருந்தால் என்ன எடுப்பேன்? 2024 நவம்பரில் வந்த புதிய டிசையரைக் கட்டாயம் பார்ப்பேன்: மேனுவலில் 24.79 என்று சான்று, மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம். எஞ்சின் மூன்று சிலிண்டர் என்பதால் அதிர்வு எப்படி இருக்கிறது என்று நீண்ட தூரம் ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்வேன். கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் போன்ற, பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் கார்கள் 27.97 என்று சான்று பெற்றவை. இறக்கத்தில் வீணாகிற சக்தியைப் பேட்டரியில் பிடித்துவைப்பதால் நம் சாலைக்குப் பொருத்தமானவை, விலைதான் எட்டவில்லை. மின்சாரக் காருக்கும் அதே சாதகம் உண்டு, தினம் நூறு கிலோமீட்டர் அதற்கு ஏற்ற தூரம். ஆனால் வீட்டு மீட்டரிலேயே சார்ஜ் போட்டால் இரண்டு மாதத்துக்கு அறுநூறு யூனிட்டுக்கு மேல் கூடும். ஐந்நூறைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். முழு பில்லையும் புது அடுக்கில் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

எந்தக் காராக இருந்தாலும் ஷோரூம் இருக்கிற தெருவைச் சுற்றிவிட்டு வருவதை டெஸ்ட் டிரைவ் என்று ஒத்துக்கொள்ளாதீர்கள். வீட்டு ஆட்கள் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு, ஏசியைப் போட்டு, குருபரப்பள்ளியிலிருந்து மேலுமலை ஏறிச் சூளகிரி வரை போய்த் திரும்பக் கேளுங்கள். முதலில் தயங்குவார்கள். வாங்குகிற எண்ணத்தோடு வந்திருக்கிறோம் என்று தெரிந்தால் அனுப்பிவைப்பார்கள்.