புதுசுன்னு நம்பி அரை மாச சம்பளம் போச்சு, பட்ஜெட் போன் வாங்கப் போறவங்க படிச்சிட்டுப் போங்க

இப்பதான் சர்வீஸ் சென்டர்ல இருந்து வந்தேன், கோவம் அடங்கல. அம்மாவுக்கு ஒரு போன் வாங்கலாம்னு போன வாரம் ஒரு மொபைல் கடைக்குப் போனேன், கையில இருந்தது அரை மாச சம்பளம், அதுக்குள்ள நல்லதா ஒண்ணு காட்டுங்கன்னேன். கடைத் தம்பி "8 ஜிபி ராம் அக்கா, 128 ஜிபி ஸ்டோரேஜ், எங்க அம்மாவுக்கே இதைத்தான் வாங்கிக் குடுத்திருக்கேன்"னான். அந்த ஒரு வார்த்தையில விழுந்துட்டேன். ஸ்கிரீன் மேல இருந்த பிளாஸ்டிக்கை என் கண்ணு முன்னாடியே மெதுவா உரிச்சான், பளபளன்னு இருந்துச்சு, பெட்டில சீல் இருந்துச்சான்னுகூட நான் பாக்கல.

நாலாவது நாள் அம்மா வீடியோ கால்ல பேசிட்டிருக்கும்போதே சூடாகி அணைஞ்சிருச்சு. சார்ஜ் ஏத்துனா அரை மணி நேரத்துல 60ல இருந்து 15க்கு வருது. கடைக்கு கூப்பிட்டா "அப்டேட் ஓடும் அக்கா, ரெண்டு நாள்ல செட் ஆயிரும்", அப்புறம் "ரீசெட் பண்ணிப் பாருங்க", நேர்ல போய் நின்னா "ஓனர் வெளிய போயிருக்காரு மேடம்". காசு வாங்குற வரைக்கும் அக்கா, வாங்கினப்புறம் மேடம்!

சர்வீஸ் சென்டர்ல *#06# டயல் பண்ணிப் பாத்தாங்க, வந்த 15 இலக்க ஐஎம்இஐ நம்பரும் (ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியா இருக்கற அடையாள நம்பர்) பெட்டில ஒட்டியிருக்கற நம்பரும் வேற வேற. போன்ல இருக்கற நம்பருக்கு வாரண்டி எப்பவோ முடிஞ்சிருச்சாம். பின் மூடியைக் கழட்டிக் காட்டினாங்க, ஓரமெல்லாம் பசை பிசுபிசுன்னு, உள்ள வெள்ளையா இருக்க வேண்டிய குட்டி ஸ்டிக்கர் சிவந்து போயிருந்துச்சு, தண்ணி பட்டாதான் அப்படி ஆகுமாம். ராமும் 8 இல்ல, நிஜமா இருக்கறது 4தான், மிச்சம் 4 ஸ்டோரேஜ்ல இருந்து எடுத்து ராம்னு கணக்கு காட்டுறது. யாரோ போட்டு உடைச்ச பழைய போனுக்கு அரை மாச சம்பளம் குடுத்திருக்கேன்.

இதைக் கடைத் தம்பிகிட்ட போய்ச் சொன்னா "நீங்கதான் தண்ணில போட்டிருப்பீங்க"ன்னு சொல்றான். பில்லைப் பாத்தா அதுல ஐஎம்இஐயே எழுதல, வெறும் "மொபைல் 1" தான்.

வாங்கறப்ப என்னென்ன பாக்கணும்னு விளக்கமா எழுதணும்னுதான் உக்காந்தேன், இப்ப முடியல. காசு குடுக்கறதுக்கு முன்னாடி *#06# போடுங்க, பெட்டி, பில், போன் மூணுலயும் ஒரே நம்பர் இருக்கணும். ராம் "4+4"ன்னு இருந்தா அது 4தான். செட்டிங்ஸ்ல செக்யூரிட்டி பேட்ச் (போனுக்குக் கடைசியா வந்த பாதுகாப்பு அப்டேட்) தேதி பாருங்க, ரொம்ப பழசா இருந்தா வேண்டாம்.

அம்மா "விடும்மா, எனக்குப் பழைய பட்டன் போனே போதும்"ங்கறாங்க. நான் விடப்போறதில்ல, அரை மாச சம்பளம்ங்க அது, நாளைக்கே எழுத்துல புகார் குடுக்கறேன்.