நாரோபோட்டில் போய்ச் சேர வேண்டிய கால்வாய்க்கரை பப்கள்

இங்கிலாந்துக் கால்வாய்களில் நாரோபோட் என்னும் ஒடுக்கமான நீளப் படகை எடுத்துப் போகிறவர்கள் பீரை வைத்து பப்பைத் தேர்ந்தெடுத்தால் இரண்டாம் நாளே சலித்துப் போவார்கள். முதலில் பார்க்க வேண்டியது படகைக் கட்ட இடம் கிடைக்குமா என்பது. அடுத்து, கிச்சன் மூடுவதற்குள் போய்ச் சேர முடியுமா என்பது. பீர் மூன்றாவதுதான். காரில் வருகிறவர் வாய் நிறையப் பாராட்டும் பப், 57 அடிப் படகோடு வருகிறவருக்குப் பெரிய தலைவலியாக இருக்கலாம்.

நேரக் கணக்கு எளிது. போக வேண்டிய மைல்களையும் வழியில் உள்ள லாக்குகளையும் (நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகை அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோகும் கதவுத் தொட்டிகள்) கூட்டி மூன்றால் வகுத்தால், வருவது மணிக்கணக்கு. காஸ்குரோவிலிருந்து ஸ்டோக் புரூயர்னுக்கு ஏறக்குறைய 6 மைல், 7 லாக். கூட்டினால் 13, வகுத்தால் நாலு மணி இருபது நிமிடம். வேக வரம்பு மணிக்கு 4 மைல்தானே, ஒன்றரை மணியில் போய்விடலாமே என்று தோன்றும். போக முடியாது. கரையில் கட்டிய படகுகளைக் கடக்கும்போதெல்லாம் எஞ்சினை டிக்ஓவருக்கு, அதாவது மிகக் குறைந்த ஓட்டத்துக்கு, இறக்கியாக வேண்டும். இல்லையென்றால் அந்தப் படகுகளைக் கட்டக் கரையில் அடித்த இரும்பு முளை பிடுங்கிக்கொள்ளும், ஜன்னலுக்குள்ளிருந்து வசவு வரும். லாக்கில் முன்னால் ஒரு படகு காத்திருந்தால் இன்னும் கால் மணி சேரும்.

இந்தக் கணக்கில் ஏமாறுவது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான். நிறைய கிராமத்து பப்களில் ஞாயிறு ரோஸ்ட் என்னும் வறுத்த இறைச்சிச் சாப்பாடு மதியம் தொடங்கி நாலு, ஐந்து மணிக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு பார் திறந்திருக்கும், அடுப்பு அணைந்திருக்கும். திங்கள், செவ்வாயில் முழுநாளும் மூடும் பப்களும் உண்டு. மற்ற நாட்களில் எட்டரை மணிக்கு மேல் சாப்பாட்டை நம்ப முடியாது. மதியத்துக்குள் ஒரு போன் போட்டு மேசை சொல்லிவைத்துவிடுவது நல்லது. ஆழமாக வெட்டிய பள்ளங்களுக்குள் படகு நுழைந்துவிட்டால் சிக்னல் போய்விடும். அதற்கு முன்பே பேசிவிட வேண்டும். போனில் ஊர்ப் பெயரைக் கேட்பதைவிடப் பாலத்தின் எண்ணைக் கேளுங்கள். கால்வாயில் முகவரி என்றால் அந்த எண்தான், ஒவ்வொரு பாலத்திலும் பதித்திருக்கும்.

இனி இடங்கள்.

நார்தாம்ப்டன்ஷயரில் கிராண்ட் யூனியன் கால்வாயோரம் ஸ்டோக் புரூயர்ன். அங்கே ‘போட் இன்’, 1877 முதல் நெடுங்காலம் ஒரே குடும்பத்தின் கையில் இருந்த பப். கூரை வேய்ந்த பழைய பகுதிக்கும் பின்னால் சேர்த்த உணவகத்துக்கும் சம்பந்தமே இல்லை. உணவகம் வேறு எந்த உணவகத்தையும் போலத்தான். உட்கார வேண்டியது கால்வாயைப் பார்த்த கல்தரை அறைகளில். அங்கே நார்தாம்ப்டன்ஷயர் ஸ்கிட்டில்ஸ் மேசை கிடக்கும். ஒன்பது கட்டைகளை நிறுத்திவைத்து, ‘சீஸ்’ என்று அவர்கள் சொல்லும் தட்டையான வட்டக் கட்டையை வீசித் தள்ளுவது ஆட்டம். மேசையின் முதுகிலும் பக்கத்திலும் தோல் மெத்தை தைத்திருப்பதால் சத்தம் அறை முழுக்க ‘தொப் தொப்’ என்று கேட்கும். புதிதாக வீசுகிறவர்கள் பலத்தைக் காட்டுவார்கள். சீஸ் மெத்தையில் மோதி வெளியே உருளும். கையைத் தாழ்த்தி மெதுவாக வீசினால் நிறுத்திய கட்டைகள் விழும்.

எதிர்க்கரையில் 1963-இல் திறந்த கால்வாய் அருங்காட்சியகம் இருப்பதால், கோடை வார இறுதிகளில் பப்பின் வாசலில் படகு கட்ட இடம் தேடுவது வீண் வேலை. வடக்கே பிளிஸ்வொர்த் சுரங்கத்தை நோக்கிச் சிறிது தூரம் போனால் மரநிழலில் இடம் கிடைக்கும், நடந்து திரும்பிவிடலாம். மறுநாள் காலை சுரங்கம்: 3,076 கஜம், 1805-இல் திறந்தது, உள்ளே நடைபாதை கிடையாது. ஏழு அடி அகலப் படகுகள் இரண்டு எதிரெதிரே கடக்கலாம். காற்றுப்போக்கிக் கிணறுகளுக்குக் கீழே தண்ணீர் கொட்டும் என்பதால், முந்தைய இரவு எவ்வளவு குடித்திருந்தாலும் டில்லரில் (சுக்கானைத் திருப்பும் கைப்பிடி) நிற்பவருக்குத் தூக்கம் கலைந்துவிடும்.

இதற்கு நேர் எதிர் குணம் ஷ்ராப்ஷயர் யூனியன் கால்வாயில், ஹை ஆஃப்லி அருகே 42-ஆம் எண் பாலத்தை ஒட்டிய ‘ஆங்கர்’. வீட்டு வரவேற்பறை மாதிரி இரண்டு சின்ன அறைகள், மரப் பெஞ்சுகள். பீரை நிலவறையிலிருந்து கூஜாவில் பிடித்து வந்து ஊற்றும் வழக்கம் இங்கே நெடுங்காலமாக இருக்கிறது. தட்டு நிறையச் சாப்பாட்டை எதிர்பார்த்துப் போக வேண்டாம். படகிலேயே சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வருவதுதான் முறை. திறக்கும் நேரமும் குறைவு, அதிலும் குளிர்காலத்தில் இன்னும் குறைவு, ஆகவே கேட்டுக்கொண்டு போவது அவசியம். எங்கள் கணிப்பில், படகோடு போய்ச் சேர வேண்டிய பப் ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்லுவோம். தெற்கிலிருந்து வந்தால் நார்பரி ஜங்ஷனைத் தாண்டியதும் 39-ஆம் பாலத்தின் இரட்டை வளைவுக்கு நடுவே ஒரு தந்திக் கம்பம் நிற்கும். அதைப் பார்த்துவிட்டால் பப் பக்கம்தான்.

இந்தக் கால்வாயில் ஒரு வில்லங்கம் உண்டு. கரையை ஒட்டித் தண்ணீருக்கு அடியில் ஒரு திட்டு நீளும். ‘ஷ்ராப்பி ஷெல்ஃப்’ என்பார்கள். கரையோரம் படகைக் கட்டினால், கடந்து போகும் ஒவ்வொரு படகுக்கும் அடிப்பக்க இரும்பு அந்தத் திட்டில் மோதி ‘டங்’ என்று இரவெல்லாம் அடிக்கும். படகு கரையில் உரசாமலிருக்கத் தொங்கவிடும் வழக்கமான ஃபெண்டர்கள் நீர்மட்டத்துக்கு மேலேயே தொங்குவதால் பயன் இல்லை. காற்றடைத்த சின்னத் தள்ளுவண்டிச் சக்கரங்கள் இரண்டைக் கயிற்றில் கட்டி முன்னும் பின்னும் தொங்கவிட்டால், படகு திட்டை விட்டு ஓரடிக்கு மேல் விலகி நிற்கும். வாடகைப் படகில் இவை இருக்காது. இல்லாவிட்டால், விசிட்டர் மூரிங் (வந்துபோகும் படகுகள் கட்டும் இடம்) என்று பலகை வைத்த, கரையைச் சீராக்கிய இடமாகப் பார்த்துக் கட்டுங்கள்.

வில்ட்ஷயரில் கென்னட் அண்ட் ஏவன் கால்வாயோரம் ஹனிஸ்ட்ரீட்டின் ‘பார்ஜ் இன்’. 1810-இல் கட்டி, தீப்பிடித்து, 1858-இல் மறுபடி கட்டியது. வயலில் பயிர் சாய்ந்து தோன்றும் பயிர்வட்டங்களைத் தேடி வருகிறவர்களின் கூடாரம் என்றே பெயர் வாங்கிய இடம். கால்வாயிலிருந்தே மலைச்சரிவில் 1812-இல் வெட்டிய ஆல்டன் பார்ன்ஸ் வெள்ளைக் குதிரை தெரியும். டிவைசிஸிலிருந்து கிழக்கே 15 மைலுக்கு லாக்கே இல்லாத நீள்பரப்பில் இது இருப்பதால் போய்ச் சேரும் நேரத்தைத் துல்லியமாகச் சொல்லலாம், அது பெரிய வசதி. ஆனால் வழியெல்லாம் கட்டிய படகுகள். கரையும் பல இடங்களில் ஆழமில்லை. படகின் பின்பக்கம் தரைதட்டி நான்கடி தள்ளியே நிற்கும். பலகை போட்டு இறங்க வேண்டிவரும். ஏறி இறங்கக் கஷ்டப்படும் பெரியவர்கள் உடன் இருந்தால் இதை முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். நிர்வாகம் கைமாறிக்கொண்டே இருக்கும் பப் இது, சாப்பாட்டைப் பற்றி யாரும் இரண்டு வருடத்துக்கு முன் சொன்னதை நம்ப வேண்டாம்.

மறுபடி கிராண்ட் யூனியனில், பிரான்ஸ்டன் ஊரின் ஆறு லாக் வரிசையின் நடுவே, மூன்றாவது லாக்கை ஒட்டி ‘அட்மிரல் நெல்சன்’. இடம் அருமை, ஆனால் பப் பக்கத்தில் இருக்கிறதே என்று இரண்டு லாக்குக்கு இடையே இரவு தங்கப் பார்க்காதீர்கள். அந்தத் துண்டு நீர்ப்பரப்பு சின்னது. கீழ் லாக்கின் ஷட்டர் சரியாக மூடாமல் கசிந்தாலே விடிவதற்குள் நீர்மட்டம் இறங்கி, படகு ஒருக்களித்து உட்கார்ந்துவிடும்; தேநீர்க் கோப்பை மேசையிலிருந்து வழுக்கி விழும்போதுதான் தெரியும். வரிசைக்குக் கீழேயோ மேலேயோ கட்டிவிட்டு நடந்து வாருங்கள். இன்னொன்று: எந்த லாக்காக இருந்தாலும் அதை ஒட்டிய பொல்லார்டுகள் (கயிறு கட்டும் குட்டைத் தூண்கள்) லாக்கை இயக்குகிறவர்கள் ஏறி இறங்க வைத்தவை. ஒரு பைண்ட் குடித்துவிட்டு வருகிறேன் என்று அங்கே படகைக் கட்டுவது எல்லாரையும் எரிச்சலூட்டும் காரியம்.

ஹாக்ஸ்பரி ஜங்ஷனின் ‘கிரேஹவுண்ட்’ பற்றி ஒரு எச்சரிக்கை மட்டும். ஆக்ஸ்ஃபர்ட் கால்வாயிலிருந்து கவென்ட்ரி கால்வாய்க்கு அங்கே ஏறக்குறைய அரைவட்டம் திரும்ப வேண்டும், பப் முற்றத்தில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் முழுக்க அதைத்தான் வேடிக்கை பார்க்கும். கால்வாய் வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு அங்கே ‘கங்கூஸ்லர்’ என்றே ஒரு பெயர் உண்டு. முதல்முறை திரும்புகிறவர்கள் படகை நிறுத்தி, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துவிட்டுத் திரும்புவது மானத்தைக் காக்கும்.

கட்டும் முறையில் சிலர் காட்டும் அலட்சியத்தால்தான் பப்பிலிருந்து திரும்பும்போது படகு குறுக்கே மிதக்கிறது. முன்கயிறு முன்னோக்கியும் பின்கயிறு பின்னோக்கியும் சாய்வாகப் போக வேண்டும். நேர்க்கோட்டில் கட்டினால் கடந்து போகும் படகின் இழுப்பில் முன்னும் பின்னும் ஓடி முளையை ஆட்டி எடுத்துவிடும். முளையின் தலை படகுக்கு எதிர்ப்புறம் சாய்ந்திருக்கும்படி, முக்கால் பங்கு மண்ணுக்குள் போகும்வரை அடியுங்கள். கயிற்றை முளையின் உச்சியில் மாட்டாமல் தரையை ஒட்டிச் சுற்றுங்கள். உச்சியில் மாட்டினால் அதுவே நெம்புகோல். கரையில் அலைவடிவ இரும்புத் தகடு பதித்திருந்தால் முளையே வேண்டாம், நாப்பி பின் என்னும் கொக்கியைத் தகட்டுக்குப் பின்னால் செருகினால் அசையாது. நடுக்கயிற்றை மட்டும் கட்டிவிட்டுப் போவது தவறு: அது கூரையிலிருந்து வருவதால் யாராவது வேகமாகக் கடந்தால் படகைச் சாய்க்கும்.

பீரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கேஸ்க் ஏல், அதாவது பீப்பாயிலேயே பதப்படும் பீர், பதினோரு முதல் பதின்மூன்று டிகிரியில் இருக்கும். ஐஸ் போலச் சில்லென்று இல்லையே என்று குறைப்பட வேண்டாம். ஒரு ஃபர்கின் பீப்பாயில் 72 பைண்ட். திறந்த பிறகு மூன்று நாளுக்குள் விற்றுத் தீர வேண்டும். அதனால்தான் ஆள் வராத நவம்பர் செவ்வாய்க்கிழமையில் ஆறு ஹேண்ட்பம்ப் (பீப்பாயிலிருந்து பீரை இழுக்கும் கைப்பிடி) வைத்த பப்பைவிட இரண்டே வைத்த பப்பில் பீர் நன்றாக இருக்கும். காடி வாடை அடித்தால் திருப்பிக் கொடுக்கலாம், முகம் சுளிக்காமல் வேறு தருவார்கள். குடிக்காதவர்களும் குழந்தைகளும் நாயும் கூட வரலாம். லைம் சோடாவோ காபியோ கேட்டால் யாரும் வித்தியாசமாகப் பார்க்கமாட்டார்கள்.

குடித்த பிறகு டில்லரைத் தொடுவதில்லை, லாக் கதவில் ஏறுவதில்லை என்று முதல் நாளே பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஆபத்து பெரும்பாலும் படகை ஓட்டும்போது இல்லை, திரும்பி வந்து ஏறும்போதுதான். கரைப்பாதையில் விளக்கு கிடையாது. ஆளுக்கொரு டார்ச் வேண்டும். கரைக்கும் படகுக்கும் இடையிலுள்ள ஓரடி இடைவெளியில்தான் கால் போகும், சாவியும் விழும். சாவியில் மாட்டும் தக்கைப் பந்து ஒரு சாவியைத்தான் தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். படகுச் சாவி, கதவுச் சாவி, தண்ணீர்க் குழாய்ச் சாவி எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் கோத்தால் பந்தும் சேர்ந்து மூழ்கும். கிளம்புவதற்கு முன் வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதக்காவிட்டால் இன்னொரு பந்து வாங்கி மாட்டுங்கள்.