நிபுணர் போன பின் விடுதியில் யார்? கொழும்புத் தனியார் வைத்தியசாலை ஒன்றின் உள்நோயாளர் சேவை

கொழும்பில் தனியார் வைத்தியசாலைக்கு ஒருவரை அனுமதிக்கக் கொண்டுபோனால், எந்த நிபுணரின் பெயரில் அனுமதிப்பது என்றுதான் முதலில் கேட்பார்கள். பெயரைச் சொல்லி முற்பணம் கட்டியதும் கட்டில் கிடைக்கும். அந்த நிபுணரோ அரச வைத்தியசாலைக் கடமையை முடித்து, சனலிங் எனப்படும் தனியார் ஆலோசனைக்கு வரும் நோயாளர்களையும் பார்த்த பின்னர் விடுதிக்கு வந்து, சில நிமிடங்கள் கட்டிலருகே நின்றுவிட்டுப் போவார். மிகுதி நேரம் முழுவதும் நோயாளியின் பொறுப்பு ஆர்.எம்.ஓ. எனப்படும் வதிவிட வைத்திய அதிகாரியிடமே இருக்கிறது. அவருடைய பெயரை அனுமதிக்கும்போது எவரும் கேட்பதில்லை. டெங்குக் காய்ச்சலுடன் என் மாமி அண்மையில் நகரிலுள்ள நடுத்தர அளவான தனியார் வைத்தியசாலை ஒன்றின் மருத்துவ விடுதியில் இருந்தபோது உடனிருந்து கண்டவற்றைக் கொண்டு, அந்த வதிவிட வைத்தியர்களின் சேவையையே இங்கு மதிப்பிடுகிறேன். குறைகளையும் சொல்லப்போவதால் வைத்தியசாலையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

அறை சுத்தமாக இருந்தது. சாப்பாடு உப்புச் சப்பில்லாமல் இருந்தாலும் நேரத்துக்கு வந்தது. வாகனம் நிறுத்த இடம் கிடைப்பது அரிது. இவற்றைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அனுமதித்த அன்று மாலை நிபுணர் வருவதற்கு முன்னரே கடமையிலிருந்த பெண் வைத்தியர் வந்து, "அம்மா, வீட்டில குடிக்கிற குளிசை எல்லாத்தையும் எடுத்துக் காட்டுங்கோ" என்று கேட்டு, பையிலிருந்த ஒவ்வொரு அட்டையையும் கிளினிக் கொப்பியுடன் ஒப்பிட்டுப் பார்த்தார். மாமிக்கு நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் உண்டு. மெட்ஃபோமினும் லொசார்ட்டனும் நெடுங்காலமாக எடுத்து வருவதோடு, இரவில் சிறிய அளவு அஸ்பிரினும் குடிப்பவர். குருதிச் சிறுதட்டுகள் குறைந்துகொண்டு போகும் டெங்கு நோயாளியிடம் அஸ்பிரின் இரத்தப்போக்கு ஆபத்தைக் கூட்டும் என்பதும், குருதியமுக்கம் எந்நேரமும் விழக்கூடிய நிலையில் லொசார்ட்டனைத் தொடர்வது நல்லதல்ல என்பதும் மருத்துவம் படித்தவர்களுக்குப் புதிய செய்திகள் அல்ல. எனினும் அந்தப் பையைத் திறந்து பார்க்க ஒருவருக்கு நேரமும் பொறுமையும் இருந்தால்தான் அந்த அறிவு நோயாளிக்குப் பயன்படும். அன்றே அஸ்பிரினும் லொசார்ட்டனும் நிறுத்தப்பட்டன. மெட்ஃபோமினுக்குப் பதிலாக, குருதிச் சீனியின் அளவைப் பார்த்து இன்சுலின் கொடுக்கத் தொடங்கினார்கள்.

இந்தச் சேவையின் உண்மையான தரம் தெரிந்தது இரவில்தான். டெங்கு இரத்தக்கசிவுக் காய்ச்சலில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையிலேயே தொடங்குகிறது. குருதிக் குழாய்களிலிருந்து திரவம் நெஞ்சறைக்கும் வயிற்றுக்கும் கசியும் அந்தக் கட்டம் 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். காய்ச்சல் விட்டுவிட்டதென்று வீட்டார் ஆறுதலடையும் நேரமும் அதுவே. திரவம் போதாவிட்டால் நோயாளி குருதியோட்டம் குன்றி அதிர்ச்சி நிலைக்குப் போவார், அளவு மிஞ்சினால் நுரையீரலில் நீர் தேங்கும் என்பதால், சேலைனின் வேகத்தை மணிக்கு மணி கூட்டியும் குறைத்தும் ஓட்ட வேண்டியிருக்கிறது. நாடித்துடிப்பு, குருதியமுக்கத்தின் மேல் கீழ் அளவுகளுக்கிடையிலான வித்தியாசம், சிறுநீரின் அளவு, சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை பி.சி.வி. (குருதியில் செங்கலங்களின் வீதம், திரவம் கசிந்தால் இது ஏறும்) என எல்லாவற்றையும் ஒரே தாளில் குறித்து, அவை போகும் திசையைப் பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும். இதை வீட்டிலிருக்கும் நிபுணர் செய்ய இயலாது, விடுதியில் விழித்திருப்பவர்தான் செய்ய வேண்டும்.

நள்ளிரவு கடந்த பின்னர் மாமியின் பி.சி.வி. ஏறியபோது, கடமையிலிருந்த இளம் வைத்தியர் தாதி கூப்பிடும்வரை காத்திராமல் தானாகவே வந்து கைகால்கள் குளிர்ந்திருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்தார். பின்னர் தாளைப் படமெடுத்து நிபுணருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, உடனே தொலைபேசியிலும் அழைத்தார். அந்த நேரத்தில் நிபுணரை எழுப்ப அவர் தயங்காததும், நிபுணர் சினக்காமல் பேசியதும் என் பார்வையில் இந்த வைத்தியசாலையின் மிகச் சிறந்த அம்சங்கள். வேறு இடங்களில் இந்தத் தயக்கமே நோயாளியைக் காலைவரை காத்திருக்க வைப்பதுண்டு.

கடமை மாறும் முறையிலும் கவனம் தெரிந்தது. போகும் வைத்தியரும் வரும் வைத்தியரும் கட்டிலருகே ஒன்றாக நின்று, நோயாளியின் நிலை என்ன, இரவில் எதை எதிர்பார்க்கலாம், எது நடந்தால் யாரை அழைக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். வெறும் சம்பிரதாயமாகத் தோன்றக்கூடிய இந்தக் காரியத்தின் பெறுமதியை அளந்து பார்த்திருக்கிறார்கள்: வட அமெரிக்காவின் ஒன்பது வைத்தியசாலைகளின் குழந்தை மருத்துவ விடுதிகளில் ஒழுங்குபடுத்தப்பட்ட கையளிப்பு முறை ஒன்றை அறிமுகப்படுத்தியபோது மருத்துவத் தவறுகள் 23 வீதமும், தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 வீதமும் குறைந்ததாக 2014இல் வெளியான ஆய்வு கூறுகிறது. இங்கே வார நாட்களில் சீராக நடந்த கையளிப்பு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கட்டிலருகே நடக்கவில்லை. அன்று வந்தவர், ஏற்கெனவே நாங்கள் சொன்ன விபரங்களை மீண்டும் எங்களிடமே கேட்டார்.

உள்நோயாளர்களை மட்டும் பார்ப்பதைத் தம் முழுநேரத் தொழிலாகக் கொண்ட வைத்தியர்களுக்கு அமெரிக்காவில் 'ஹொஸ்பிட்டலிஸ்ட்' என்ற பெயரை 1996இல் ரொபர்ட் வாக்டரும் லீ கோல்ட்மனும் கொடுத்தார்கள்; இருபது ஆண்டுகளுக்குள் அத்தகையோர் ஏறத்தாழ 50,000 பேராகப் பெருகினார்கள். அவர்கள் பயிற்சி முடித்த வைத்தியர்கள், தாங்களே முடிவெடுக்கும் அதிகாரம் உடையவர்கள். எங்கள் ஆர்.எம்.ஓ.வோ அந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்தும், அந்தத் தகுதியும் அதிகாரமும் இல்லாதவர். நம்முடைய அரச வைத்தியசாலைகள் இதில் வேறுபடுகின்றன: 1864இல் தொடங்கப்பட்ட கொழும்பு தேசிய வைத்தியசாலையின் மருத்துவ விடுதியில் கட்டில் கிடைக்காமல் தரையில் படுக்க நேர்ந்தாலும், உள்ளகப் பயிற்சி வைத்தியர், அவருக்கு மேல் சிரேஷ்ட இல்ல வைத்தியர், அதற்கும் மேல் நிபுணராவதற்குப் பயிற்சி பெறும் ரெஜிஸ்ட்ரார் என்று இரவிலும் ஓர் ஏணி இருக்கிறது. தனியார் துறையில் அந்த ஏணியின் நடுப்படிகள் இல்லை, கீழே ஆர்.எம்.ஓ., மேலே தொலைபேசியில் நிபுணர்.

இந்த வைத்தியர்களின் தொழில் நிலையையும் சொல்லாமல் விட முடியாது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவர்களும், வெளிநாட்டுப் பரீட்சைகளுக்குத் தயாராகுபவர்களும் இடைக்காலத் தொழிலாக இதைச் செய்கிறார்கள். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் ஏராளமான வைத்தியர்கள் நாட்டைவிட்டுச் சென்ற நிலையில், அனுபவம் பெற்ற ஒருவர் இங்கு நிலைத்திருப்பதற்கு வைத்தியசாலை என்ன காரணத்தைக் கொடுக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது. பில்லில் நிபுணரின் ஒவ்வொரு வருகைக்கும் தனித்தனியாகக் கட்டணம் குறிக்கப்பட்டிருந்தது. இரவு முழுவதும் சேலைனின் வேகத்தை மாற்றிக்கொண்டிருந்தவரின் உழைப்பு, விடுதிக் கட்டணம் என்ற பொதுச் சொல்லுக்குள் போய்விட்டது.

வீட்டுக்கு விடும் நாள்தான் மிக மோசமாக நடந்தது. காலையில் நிபுணர் போகலாம் என்று சொன்னபோதும், பில்லும் மருந்தும் நோய் நிர்ணய அட்டையும் ஒன்றையொன்று காத்திருந்ததில் பிற்பகல் கழிந்தது. அதைவிடப் பெரிய குறை அட்டையில் இருந்தது. நிறுத்திய அஸ்பிரினையும் லொசார்ட்டனையும் எப்போது மீண்டும் தொடங்குவது, எந்தக் குருதிப் பரிசோதனைக்குப் பின்னர் தொடங்குவது என்று ஒரு சொல்லும் அதில் இல்லை. அனுமதிக்கும்போது அத்தனை கவனமாகச் செய்த வேலை வெளியேறும்போது அறுந்துபோனது. அட்டை முழுவதும் ஆங்கிலச் சுருக்கெழுத்துகளால் நிறைந்திருந்ததால் மாமியால் அதை வாசிக்கவும் முடியவில்லை. நாங்கள் கேட்ட பின்னர் வேறொரு ஆர்.எம்.ஓ. நிபுணருடன் பேசி, திகதிகளை அட்டையின் பின்புறத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தார்.

டெங்கு, நுரையீரல் அழற்சி, கட்டுப்பாடிழந்த நீரிழிவு போன்றவற்றுக்கு, செலவைத் தாங்கக்கூடியவர்களுக்கு இந்த விடுதியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பல உறுப்புகள் ஒருசேரப் பாதிக்கப்பட்டவர்களையும், இரவோடிரவாக வேறு துறை நிபுணரின் உதவி தேவைப்படக்கூடியவர்களையும் நேரே தேசிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதே நல்லது. இங்கு அனுமதிப்பவர்கள் முற்பணம் கட்டுமுன்னர், இரவில் எத்தனை விடுதிகளுக்கு ஒரு ஆர்.எம்.ஓ. இருக்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் விடுதிக்குத் தனியாக ஒருவர் இருந்தார், மேல்மாடியிலோ இரண்டு விடுதிகளை ஒருவரே பார்த்தார். வெளியேறும் நாளில், நிறுத்திய ஒவ்வொரு குளிசைக்கும் எதிரே திகதி எழுதப்படும்வரை இறுதிப் பில்லைக் கட்ட வேண்டாம்.