தட்சிணசித்ராவா, பூம்புகாரா?

கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குக் கைவினை காட்டச் சென்னையில் எங்கே போவது? முட்டுக்காட்டு தட்சிணசித்ராவா, அண்ணா சாலையில் தமிழக அரசின் கைவினைப் பொருள் கடையான பூம்புகார் விற்பனை நிலையமா?

பூம்புகாரில் பொருள் இருக்கும், அதைச் செய்கிற கை இருக்காது. சுவாமிமலைச் சிலை, தஞ்சாவூர்த் தட்டு என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ். பரிசு வாங்க அதுவே போதும். ஆனால் "தொடாதே" என்று பிள்ளையைப் பத்து முறையாவது அதட்ட வேண்டியிருக்கும்.

தட்சிணசித்ரா 1996இல் திறந்த திறந்தவெளி அருங்காட்சியகம். செட்டிநாட்டு வீடு, அக்ரஹாரத்து வீடு, நெசவாளர் வீடு எனத் தென் மாநிலங்களின் வீடுகள் அங்கே நிற்கின்றன. சில பழைய வீடுகளை ஊரிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். என் மகளுக்குப் பிடித்தது குயவர் சக்கரம்தான். மண் உருண்டை சரியாக நடுவில் நிற்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் ஒரு பக்கம் மெலிந்து பானை சாய்ந்துவிடும். மூன்றாவது முறைதான் அவளுக்கு ஒரு கிண்ணம் வந்தது. சுடாத மண் என்று சொல்லியும் கேட்காமல், வீட்டில் அதில் தண்ணீர் ஊற்றினாள். அப்புறம் சேறுதான்!

வெயில்தான் தொல்லை. காலையிலேயே போய், உச்சி நேரத்தில் செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. பிள்ளைகளோடு என்றால் என் ஓட்டு முட்டுக்காட்டுக்கே. கல்யாணப் பரிசுக்கு மட்டும் அண்ணா சாலை.