தெருவுல ஓட்டற காருக்கு எந்த எல்எஸ்டி: பிளேட்டா, ஹெலிக்கலா, இல்ல வண்டியில இருக்கற எலக்ட்ரானிக்கே போதுமா?

நம்ம வேலூர், ராணிப்பேட்டை பக்கம் விர்டஸ் ஜிடி, ஸ்லாவியா 1.5, பழைய போலோன்னு வச்சிருக்கற பசங்க ரீமேப் (இன்ஜின் சாஃப்ட்வேரை மாத்தி பவர் ஏத்தறது) பண்ணதும் அடுத்து கேக்கறது எல்எஸ்டி தான், அதாவது ஒரு வீல் சும்மா சுத்தும்போது இன்னொரு வீலுக்கு இழுவையை அனுப்பற லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். அதுலயும் ரேஸ் கார்ல இருக்குன்னு நேரா பிளேட் டைப்புக்கே போயிடறாங்க. தினமும் ஆபீஸ் போய் வந்து லீவு நாள்ல மலை ஏறற காருக்கு ஹெலிக்கல் தான் சரி, இதை நான் அடிச்சு சொல்லுவேன்.

ஓப்பன் டிஃப் (எல்எஸ்டி இல்லாத சாதா டிஃபரன்ஷியல்) ரெண்டு வீலுக்கும் சமமா தான் டார்க் (வீலை சுத்த வைக்கற முறுக்கு விசை) குடுக்கும். ஏலகிரி ரோட்டுல 14 கொண்டை ஊசி வளைவு இருக்கு, அதுல ஒண்ணுல செகண்ட் கியர்ல மிதிச்சி ஏறிக்கினு இருக்கும்போது உள்பக்க முன்வீல் லேசாகி 300 நியூட்டன் மீட்டர் தான் தாங்கும்னு வைங்க, வெளிப்பக்க வீலுக்கும் அதே 300 தான் போகும், அதுக்கு எவ்ளோ கிரிப் மிச்சம் இருந்தாலும் பிரயோஜனம் இல்ல. உள்வீல் கீச்னு கத்தும், ஆர்பிஎம் எகிறும், வண்டி மட்டும் மூக்கை வெளியில நீட்டிக்கினு போகும்.

கம்பெனி குடுக்கற எக்ஸ்டிஎஸ் (தலைப்புல சொன்ன எலக்ட்ரானிக் இது தான்) இந்த இடத்துல உள்வீல்ல பிரேக்கை லேசா பிடிக்கும், அதனால வெளிவீலுக்கு கொஞ்சம் அதிகம் போகும். செலவே இல்ல, மெயின்டெனன்ஸ் இல்ல, மழையில சேஃப். ஆனா இழுக்கறதும் பிடிக்கறதும் ஒரே நேரத்துல நடக்கறதால பவர் சூடா தான் வீணாகுது, வேகமா ஏறி அப்படியே இறங்கினா பிரேக் பேட் ரொம்ப சூடாகிடும். ஸ்டாக் பவர்ல இருக்கறவங்க நல்ல டயர் போட்டு இதோடயே நிறுத்திக்கலாம், தாராளமா போதும்.

இப்ப பிளேட் டைப். கிளட்ச் தட்டுங்களை அடுக்கி பிரீலோட் (முன்னாடியே குடுத்த அழுத்தம்) வச்சிருப்பாங்க, ஒரு வீல் அந்தரத்துல இருந்தா கூட இன்னொண்ணுக்கு டார்க் போகும், இந்த ஒரு விஷயத்துல இதை எதுவும் அடிச்சிக்க முடியாது. இதுல 1 வேன்னா ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் லாக் ஆகும் (ரெண்டு வீலையும் சேர்த்து பிடிச்சிக்கும்), 2 வே கால் எடுத்தாலும் அதே அளவு லாக் ஆகும், 1.5 வே நடுவுல. 2 வே டிரிஃப்ட்டுக்கு, முன்வீல் இழுவை காருக்கு வேணவே வேணாம், வளைவுல நுழையும்போதே நேரா தள்ளும். தெருவுல தொல்லை எங்கன்னா, லாங் பஜார் நெரிசல்ல ஸ்டியரிங்கை ஃபுல்லா ஒடிச்சி ரிவர்ஸ் எடுக்கும்போது டக் டக்னு அடிச்சிக்கும், உள்ள இருக்கறவங்க ஏதோ உடைஞ்சிடுச்சின்னு தான் நினைப்பாங்க. இன்னொண்ணு யாரும் சொல்றது இல்ல, முன்வீல் இழுவை காருங்கள்ல பெரும்பாலும் டிஃபும் கியரும் ஒரே ஆயில்ல தான் ஓடுது, தட்டு தேயற தூள் பேரிங், சிங்க்ரோ (கியர் மாத்த உதவற வளையம்) எல்லாம் சுத்தி வரும், அதனால ஆயிலை அடிக்கடி மாத்தணும், தட்டு தேஞ்சா பாக்ஸை இறக்கி ரீபில்ட் பண்ணணும்.

ஹெலிக்கல்ல (குவைஃப், டார்சன் பிராண்டுங்க எல்லாம் இந்த ஜாதி தான்) தட்டே கிடையாது. டார்க் வரும்போது சாய்வுப் பல்லுங்க ஹவுசிங்ல போய் அழுத்தும், அந்த உராய்வு தான் லாக். பயஸ் ரேஷியோ (கிரிப் இருக்கற வீலுக்கு எத்தனை மடங்கு அனுப்ப முடியும்ங்கற கணக்கு) 2.5னா மேல சொன்ன 300க்கு வெளிவீலுக்கு 750 வரைக்கும் போகும். சத்தம் இல்ல, சாதா கியர் ஆயிலே போதும், மிதி எடுத்ததும் அமைதியாயிடும். பெரிய குறை ஒண்ணு தான், வீல் முழுசா தூக்கிச்சின்னா பூஜ்யத்தை எதால பெருக்கினாலும் பூஜ்யம், ஓப்பன் மாதிரி ஆயிடும். தெரு சஸ்பென்ஷன்ல முன்வீல் அவ்ளோ தூக்காது, தூக்குதுன்னா பின்னாடி கொஞ்சம் தடிமனான ஆன்ட்டி ரோல் பார் (வளைவுல வண்டி சாயறதை குறைக்கற கம்பி) போடுங்க, உள்பக்க முன்வீல் ரோட்டை விடாது. ஹோண்டா டைப் ஆர் காருங்க வருஷக்கணக்கா ஹெலிக்கல்ல தான் ஓடுது. ஸ்டியரிங் இழுப்பு மட்டும் கொஞ்சம் கூடும், 2002 ஃபோக்கஸ் ஆர்எஸ் குவைஃபோட வந்து அதுக்குன்னே பேர் வாங்குச்சி.

விஸ்கஸ்னு திரவத்தால பிடிக்கற டைப் பத்தி நீட்ட வேணாம், லேட்டா தான் பிடிக்கும், சிலிகான் திரவம் வயசானா போச்சி. ஆக்டேவியா ஆர்எஸ் 245ல வந்த எலக்ட்ரானிக் கிளட்ச் டிஃப் அருமையானது, ஆனா அது காரோட சேர்த்து வாங்கற சமாச்சாரம். மஹிந்திரா தார்ல இருக்கறது லாக்கர் (ரெண்டு வீலையும் ஒண்ணா பூட்டிடும்), சேத்துல ஏறத்துக்கு, அதை இதோட சேக்காதீங்க.

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு அடிக்கடி போறவங்க, ஸ்லிக் (கோடு இல்லாத ரேஸ்) டயர், கெட்டி சஸ்பென்ஷன் போட்டவங்க 1.5 வே பிளேட் எடுங்க, நியாயம் இருக்கு. ஐப்பசி கார்த்திகை மழையில ஆம்பூர் பக்கம் சர்வீஸ் ரோட்டுல ஒரு பக்க வீல் தண்ணியில இறங்கி ஓடற காருக்கு மிதிச்சதும் படக்னு பிடிக்காம மெல்ல மெல்ல பிடிக்கற டிஃப் தான் வேணும், அது ஹெலிக்கல்.

வாங்கறதுக்கு முன்னாடி கியர்பாக்ஸ் கோடை பாத்துக்குங்க, ஒரே மாடல்லயே வேற வேற பாக்ஸ் இருக்கும். சில பாக்ஸ்ல கிரவுன் வீல் (டிஃபை சுத்த வைக்கற பெரிய பல்சக்கரம்) ரிவெட் அடிச்சிருக்கும், அதை டிரில் பண்ணி எடுத்து போல்ட் போடணும், பேரிங் பிரீலோடை ஷிம் (மெல்லிய தகடு) வச்சி அளந்து செட் பண்ணத் தெரிஞ்ச மெக்கானிக் கிட்ட மட்டும் குடுங்க. பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே கிளட்ச், டிரைவ் ஷாஃப்ட் சீல் எல்லாம் பாத்து மாத்திடுங்க, அதே லேபரை ரெண்டாவது தடவை குடுக்க வேணாம்.