பத்து வருடமாக ஆப் ரிவ்யூ தளங்களைப் படித்த அனுபவம்

போன வாரம் அலுவலகத் தோழி கேட்டாள்: "அம்மாவோட பென்ஷன் பேப்பரெல்லாம் ஸ்கேன் பண்ணணும், நல்ல ஆப் ஒண்ணு சொல்லேன். நீ ரிவ்யூ படிச்சுட்டுத்தானே எதையும் போடுவ?"

உண்மைதான். பத்து வருடமாக எந்தச் செயலியைப் போனில் ஏற்றுவதானாலும், அதற்கு முன் இரண்டு மூன்று ரிவ்யூ தளங்களையாவது பார்த்துவிடுவேன். அவளுக்காகவும் அன்று இரவு உட்கார்ந்து தேடினேன். அரை மணி நேரத்தில் கோபம்தான் வந்தது.

முதலில் கண்ணில் பட்டது 'இந்த ஆண்டின் சிறந்த 10 ஸ்கேனர் ஆப்கள்' என்ற பட்டியல். போன மாதம் புதுப்பித்ததாகத் தேதி. விலையெல்லாம் ரூபாயில் இருந்ததால், நம் ஊர்க்காரர்களுக்காக எழுதியது என்று தெரிந்தது. அதில் முதலிடம் கேம்ஸ்கேனருக்கு. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில், டிக்டாக்கோடு சேர்த்து இதுவும் ஒன்று. அதற்கு முந்தைய ஆண்டே இதன் ஆண்ட்ராய்டு பதிப்பில் தீங்கான நிரல் இருப்பதாகக் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கி சொல்லி, கூகுள் அதைச் சில நாட்களுக்குப் பிளே ஸ்டோரிலிருந்து எடுத்திருந்தது. அந்தப் பட்டியலில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மாறியிருந்தது தேதி மட்டும்தான்.

அடுத்தது வேறொரு செயலிக்கான தனி விமர்சனம். சந்தேகப்பட்டு ஸ்டோரில் இருக்கும் விளக்கத்தையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டேன். ஈயடிச்சான் காப்பி. வசதிகளை அடுக்கிய வரிசைகூட மாறவில்லை. ஸ்டோர் விளக்கத்தில் இருந்த எழுத்துப்பிழையும் அப்படியே வந்திருந்தது. 'குறைகள்' என்ற தலைப்பின் கீழ் ஒரே வாக்கியம்: "சில வசதிகளுக்குக் கட்டணம் உண்டு." எந்த வசதிக்கு? எவ்வளவு? மாதத்துக்கா, வருடத்துக்கா? எழுதியவர் செயலியைத் திறந்திருந்தாலே முதல் திரையில் தெரிந்திருக்கும்.

பத்து வருடமாக என்னை உறுத்துவது இந்தப் பண விஷயம்தான். இரண்டு வருடம் முன்பு 'முற்றிலும் இலவசம்' என்று ஒரு தளத்தில் படித்து ஓர் எடிட்டிங் செயலியைப் போட்டேன். மூன்று நாள் இலவசம், பிறகு சந்தா என்றது. கணக்கிலிருந்து தானாகவே பணம் எடுக்கும் யூபிஐ ஆட்டோபேவுக்கு அனுமதி கேட்டது, கொடுத்தேன். மறுநாளே பிடிக்காமல் நீக்கிவிட்டேன். அப்புறம் '₹1,499 எடுக்கப்படும்' என்று முன்கூட்டியே வங்கிச் செய்தி வந்தது. ஆப்பைத்தான் நீக்கிவிட்டோமே என்று விட்டுவிட்டேன். பணம் போய்விட்டது. போனிலிருந்து செயலியை நீக்கினால் சந்தா ரத்தாகாது. பிளே ஸ்டோரின் சந்தாக்கள் பகுதிக்குப் போய் நாமேதான் ரத்து செய்ய வேண்டும். இந்த ஒரு தகவலை நான் படித்த எந்த விமர்சனமும் சொன்னதில்லை. ஐகான் அழகாக இருக்கிறது என்று மட்டும் எல்லாரும் எழுதியிருந்தார்கள்.

அவர்கள் பக்கத்து நியாயமும் புரிகிறது. 2008 ஜூலையில் ஆப்பிள் ஆப் ஸ்டோர் தொடங்கியபோது இருந்தவை 500 செயலிகள். ஆள் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம். இன்று லட்சக்கணக்கில் இருக்கின்றன. முன்பு தளத்தின் இணைப்பு வழியாக யாராவது செயலி வாங்கினால் ஆப்பிள் கமிஷன் கொடுத்தது; 2018 அக்டோபரில் அதையும் நிறுத்திவிட்டது. ஒரு வாரம் பயன்படுத்திப் பார்த்து எழுதுகிறவருக்கு யார் சம்பளம் கொடுப்பது? செயலியை விற்கிறவரே கொடுத்தால், அவர் சொல்வதுதான் விமர்சனமாக வரும்.

நல்லதும் பார்த்திருக்கிறேன். நான் ஆறு வருடமாகப் பயன்படுத்தும் செலவுக் கணக்குச் செயலி, ஒரு சின்னத் தளத்தில் படித்துக் கிடைத்ததுதான். எழுதியவர் ஒரு மாதம் தன் வீட்டுக் கணக்கை அதில் போட்டுப் பார்த்திருந்தார். போன் மாற்றியபோது பழைய கணக்கு முதல் தடவை திரும்ப வரவில்லை என்பதைப் படத்தோடு காட்டி, இரண்டாம் தடவை எப்படிக் கொண்டுவந்தார் என்றும் சொல்லியிருந்தார். நான் போன் மாற்றிய அன்று அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் என் கணக்கை மீட்டேன். இன்றைக்கும் அவரை நன்றியோடு நினைக்கிறேன். அந்தத் தளத்தில் மூன்று வருடமாகப் புதிதாக எதுவும் வரவில்லை.

தோழிக்கு எந்தப் பட்டியலையும் அனுப்பவில்லை. ஏற்கெனவே போனில் இருக்கும் கூகுள் டிரைவிலேயே ஸ்கேன் வசதி உண்டு, பிடிஎஃப் ஆகவே சேமித்துக்கொள்ளும் என்றேன். நான் அன்று பார்த்த மூன்று பட்டியல்களிலும் டிரைவின் பெயர் இல்லை. வேறு செயலி வேண்டுமென்றால் ஸ்டோரிலேயே விளக்கத்துக்குக் கீழே போய், செயலிக்குள் வாங்கும் வசதிகளின் விலை எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை என்று முதலில் பார்; கருத்துகளைப் புதியவை முதலில் வரும்படி வைத்து, இரண்டு மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதைப் படி; தப்பாக வாங்கிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் பணத்தைத் திருப்பிக் கேள் என்றும் சொன்னேன்.

ரிவ்யூ தளங்களுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்று. செலவுக் கணக்குச் செயலியைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்கு இன்னும் கூடத் தரலாம்தான். ஆனால் அந்த ₹1,499 நினைவுக்கு வரும்போது மனசு வரவில்லை.

மறுநாள் காலையில் தோழி பதினான்கு பக்க பிடிஎஃப் ஒன்றை அனுப்பியிருந்தாள். முத்திரைகூடத் தெளிவாக விழுந்திருந்தது.